வாத்தியத்திலிருந்து தொடங்குங்கள்: 1941 லண்டன் பேண்ட் பாத்திரங்களுக்கு முன்கதை எழுதும் முறை

போர்க்கால இசைக்குழு ஒன்றை மையமாக வைத்த இசை நாடகங்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. பாடகிக்குக் கதை இருக்கும், பேண்ட் தலைவருக்கும் இருக்கும். பின்வரிசையில் டபுள் பேஸ் வாசிப்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் திரை விழும்வரை தெரியாது. வசனம் குறைவு என்பதால் அந்த நடிகருக்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டரை மணி நேரமும் அவர் பார்வையாளர் கண்ணில்தான் இருக்கிறார். நம் ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடையிலேயே உட்கார்ந்து பபூனுக்குப் பதில் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மேடையில் இருக்கும் வாத்தியக்காரரும் ஒரு பாத்திரம்தான்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொள்கிறது. இடம் லண்டன் வெஸ்ட் எண்டில் தரைக்குக் கீழே இருக்கும் ஓர் உணவு விடுதி. நாள் 1941 மார்ச் 22, சனிக்கிழமை இரவு. ட்ரம்பெட், ஆல்ட்டோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன், பியானோ, கிட்டார், டபுள் பேஸ், ட்ரம்ஸ் என ஏழு பேர், கூட ஒரு பாடகி. இவர்கள் கற்பனை மனிதர்கள். ஊரும் போரும் உண்மை. வேறு போர், வேறு ஊர் என்றாலும் வேலை செய்யும் முறை இதேதான்.

முதலில் தேதி

"இரண்டாம் உலகப் போர்க்காலம்" என்று எழுதித் தொடங்கினால் பாதிப் பிழைகள் அங்கேயே பிறந்துவிடும். ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்குக் கீழே இரண்டு பத்தி போட்டு, அன்றைக்கு இவர்களுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று எழுதுங்கள்.

தெரிந்தது: 1940 செப்டம்பர் 7 முதல் லண்டன் குண்டுவீச்சில் இருக்கிறது. மூன்று நாளுக்கு முன், மார்ச் 19 இரவு, துறைமுகம் இருக்கும் கிழக்கு லண்டனில் கடுமையான தாக்குதல். இரண்டு வாரத்துக்கு முன், மார்ச் 8 சனிக்கிழமை, கவென்ட்ரி தெருவில் 'கஃபே டி பாரி' விடுதிக்குள் குண்டு விழுந்து குறைந்தது 34 பேர் இறந்திருக்கிறார்கள். மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பேண்ட் தலைவர் கென் 'ஸ்னேக்ஹிப்ஸ்' ஜான்சனும் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர், வயது 26. அந்த விடுதியும் தரைக்குக் கீழேதான் இருந்தது. பத்திரமான இடம் என்று பெயர் வாங்கியிருந்தது. உங்கள் எட்டுப் பேரும் அதே மாதிரி ஓர் அடித்தளத்தில் வாசிக்கிறார்கள். இதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், அன்றைக்கு மேடை ஏறும்போது ஒவ்வொருவரும் ஒருமுறை கூரையைப் பார்ப்பார்கள்.

தெரியாதது: பாடகர் ஆல் பௌலி ஏப்ரல் 17 அன்று குண்டுக்குப் பலியாகப் போவது, மே மாதத்தோடு பெரிய தாக்குதல்கள் ஓயப் போவது, போர் இன்னும் நான்கு ஆண்டு நீளப் போவது. அமெரிக்கா போரில் இறங்கவில்லை. ஆகவே நைலான் ஸ்டாக்கிங் கொண்டுவரும் அமெரிக்கச் சிப்பாய் இந்த நாடகத்தில் கிடையாது. துணிக்கு ரேஷன் ஜூன் 1-ல்தான் வரும். பாடகி புது கவுனுக்குக் கூப்பன் இல்லை என்று அழுதால் அது தவறு. சோப்பு ரேஷன் 1942. வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி, தேயிலை ஆகியவை ஏற்கெனவே ரேஷனில் இருக்கின்றன. ஜாம் அதே மார்ச் மாதத்தில்தான் சேர்ந்தது.

ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், ஏழு வரி

முன்கதை என்றதும் நாலு பக்கத்துக்கு இளமைக்கால சோகம் எழுதுவது வழக்கம். ஒத்திகையில் அது பயன்படாது. நடிகருக்குக் கையும் உடம்பும் வேலை செய்ய வேண்டும். ஆகவே ஏழு கேள்விக்கு மட்டும் பதில்: பிறந்த ஆண்டும் ஊரும், வாத்தியத்தை யாரிடம் கற்றார், முதல் சம்பளம் எங்கே, ஏன் இன்னும் சீருடையில் இல்லை, நேற்றிரவு எங்கே தூங்கினார், வாத்தியப் பெட்டிக்குள் வாத்தியம் தவிர என்ன இருக்கிறது, வாசிக்கும்போது யாரைக் கேட்டு வாசிக்கிறார்.

பிறந்த ஆண்டை எழுதியதும் கணக்குப் போடுங்கள். கணக்கே பாதிக் கதையைக் கொடுத்துவிடும். டபுள் பேஸ்காரர் 1896-ல் பிறந்தவர் என்று வையுங்கள். 1914-ல் வயது 18. அப்படியானால் முதல் உலகப் போரைத் தாண்டி வந்தவர். இது அவருக்கு இரண்டாவது போர். 1920-களில் நடன பேண்டுகளில் அடிநாதம் பெரும்பாலும் டூபாவில்தான். பிறகு டபுள் பேஸ் அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே இவர் ஊதும் வாத்தியத்தை விட்டுவிட்டு முப்பது வயதுக்கு மேல் தந்தி வாத்தியம் பழகியவராக இருக்கலாம். ஸ்வரம் தொடங்குமுன் இன்றும் லேசாக மூச்சை இழுப்பார். நடிகர் நாடகம் முழுக்க அப்படி மூச்சிழுத்தால் போதும், அவர் யார் என்பது மெல்லப் புரிந்துவிடும்.

டெனர் சாக்ஸபோன்காரர் 1898. மௌனப் படங்களுக்குத் திரைக்குக் கீழே வயலின் வாசித்தவர். 1929 முதல் 1931-க்குள் பேசும் படம் வந்து அந்த வேலைகளை அடித்துக்கொண்டு போனது. 31 வயதில் சாக்ஸபோன் கற்றார். மெதுவான வால்ட்ஸில் மட்டும் வயலினை எடுப்பார். அப்போது அவர் உட்காரும் விதமே மாறும், முதுகு நிமிரும். கிட்டார்காரர் பாஞ்ஜோவில் தொடங்கியவராக இருக்கலாம்.

எங்கே கற்றார் என்பதற்கும் நிஜமான வாசல்கள் உண்டு. யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்களின் பித்தளை பேண்ட், சால்வேஷன் ஆர்மி பேண்ட், பதினாலு வயதில் ராணுவத்தில் பேண்ட் பையனாகச் சேர்ந்து பிறகு அன்று நெல்லர் ஹாலில் இருந்த ராணுவ இசைப்பள்ளி, கப்பலில் வாசிக்கும் சிறு பேண்ட். ட்ரம்பெட்காரர் சுரங்க ஊரில் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) பிடித்து வளர்ந்தவர் என்றால் அவருடைய தொனி உருண்டையாக, நேராக இருக்கும். ஜாஸ் வளைவுகள் பின்னால் கற்றவை. இதை இசையமைப்பாளரிடம் சொல்லி முதல் பாட்டிலேயே எட்டு 'பார்' (நான்கு அடி கொண்ட தாள அளவு) எழுதி வாங்குங்கள். முன்கதை வசனத்தில் மட்டும் இருந்து வாசிப்பில் இல்லையென்றால் இசை தெரிந்த ரசிகர் நம்ப மாட்டார்.

சீருடை இல்லாத ஆண்

1941 லண்டனில் 25 வயது ஆள் சாதாரண உடையில் மேடையில் நின்றால் முதல் மேசையில் இருப்பவர் மனத்தில் எழும் கேள்வி இதுதான். 18 முதல் 41 வயது வரை ஆண்கள் கட்டாயச் சேவைக்கு உட்பட்டவர்கள். வயது வாரியாகப் பதிவு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாத பாத்திரம் அந்தரத்தில் நிற்கும்.

இருக்கக்கூடிய பதில்கள் சில. மருத்துவச் சோதனையில் நான்காம் தரம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருப்பவர். 1940 மே, ஜூனில் பிரிட்டிஷ் படை பின்வாங்கிய பிரெஞ்சுத் துறைமுகமான டன்கர்க்கிலிருந்து அடிபட்டுத் திரும்பி விடுவிக்கப்பட்டவர். மனச்சாட்சியின் பெயரில் மறுத்துத் தீர்ப்பாயத்தில் நின்றவர். இவருக்குப் பெரும்பாலும் பண்ணை, மருத்துவமனை என்று வேறு வேலை நிபந்தனையாக வரும், ஆகவே இரவு பேண்டில் வைக்கும்போது கவனம் தேவை. ஒரு பேண்டில் இரண்டு பேருக்கு ஒரே பதில் கொடுக்காதீர்கள். பதில்கள் மோதும்போதுதான் உறவு பிறக்கும். டன்கர்க்கில் அடிபட்டவர் பக்கத்து நாற்காலியில் நான்காம் தரத்துக்காரர் உட்கார்ந்தால், ஒருவரும் வாய் திறக்காமலே அங்கே ஒரு காட்சி இருக்கிறது.

கிட்டார்காரரை லண்டன் சோஹோ பகுதியின் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளையாக வைத்துப் பாருங்கள். 1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டனில் இருந்த இத்தாலிய ஆண்கள் பலர் பிடித்து அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலரை ஏற்றிக் கனடாவுக்குப் புறப்பட்ட 'அரண்டோரா ஸ்டார்' கப்பல் ஜூலை 2 அன்று மூழ்கடிக்கப்பட்டு 800-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தந்தை இத்தாலியக் குடிமகன், வெயிட்டர். மகன் லண்டனில் பிறந்ததால் பிரிட்டிஷ் குடிமகன். தந்தையை அடைத்த அரசே மகனைப் படைக்கு அழைக்கும். இதைவிட அழுத்தமான முன்கதையைக் கற்பனையால் செய்ய முடியாது.

பேண்டில் பெண் வாத்தியக்காரரைச் சேர்க்கத் தயங்க வேண்டாம். ஆண்கள் படைக்குப் போனபோது அந்த நாற்காலிகளுக்குப் பெண்கள் வந்தார்கள். சாக்ஸபோன் கலைஞர் ஐவி பென்சனின் பெண்கள் பேண்ட் 1943-ல் பி.பி.சி.யின் நிலைய நடன பேண்டுகளில் ஒன்றாகவே ஆனது. நம் ஆல்ட்டோவை அப்படி ஒரு பெண்ணாக வைக்கலாம். பாடகி 1920-ல் பிறந்தவர் என்றால், அடுத்த மாதமே அவர் வயதுப் பெண்கள் வேலைப் பதிவுக்கு அழைக்கப்படப் போகிறார்கள். ஆயுதத் தொழிற்சாலை அவருக்கு வெறும் பேச்சு இல்லை.

கரீபியன் வாத்தியக்காரர் இல்லாமல் அன்றைய லண்டன் பேண்ட் உலகம் முழுமையாகாது. ட்ரம்ஸ்காரரை ஜமைக்காவிலிருந்தோ டிரினிடாடிலிருந்தோ வந்தவராக வையுங்கள். ஆனால் ஜான்சனின் பேண்டில் நிஜமாக யாரோ உட்கார்ந்த நாற்காலியில் உங்கள் கற்பனை ஆளை உட்கார வைக்காதீர்கள். அவர்கள் பெயரோடு வாழ்ந்தவர்கள். மார்ச் 8 அன்று பார்க்கப் போவதாக இருந்து போகாமல் விட்டவர் என்றால் போதும். நம் ஊர் மேடையில் இந்தப் பாத்திரத்துக்கு முகத்தில் கறுப்புப் பூசுவது கூடவே கூடாது. வசனமும் வாசிப்பும் ஊரைச் சொல்லட்டும்.

பெட்டிக்குள் இருப்பது

நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, சாக்ஸபோனுக்கும் கிளாரினெட்டுக்கும் ரீட் அப்படி. நாணல் தட்டையைச் சீவிச் செய்வது. நல்ல நாணல் தெற்கு பிரான்சின் வார் பகுதியிலிருந்து வந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. இரவுதோறும் வாசிப்பவரின் ரீட் சில வாரத்தில் தளர்ந்துவிடும். ஆகவே 1941-ல் ஒரு நல்ல ரீட் என்பது சின்னச் சொத்து.

இதை மேடையில் காட்டும் விதம்: ஆல்ட்டோ ரீடை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார். நுனி சீரில்லை. சவர பிளேடால் இரண்டு இழுப்பு, விரலால் தடவல், நாக்கில் வைத்து ஈரம், மறுபடி விளக்கு. உதவாது. பக்கத்தில் டெனர்காரர் பெட்டியைத் திறக்கிறார். அவர் கிளாரினெட்டும் வாசித்த காலத்தில் வாங்கி வைத்த பழைய டப்பா இருக்கிறது, ஆனால் கிளாரினெட் ரீட் ஆல்ட்டோவுக்குப் பொருந்தாது, அகலம் வேறு. ஆகவே அவர் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. அடுத்த காட்சியில் அவர் எங்கிருந்தோ ஒரே ஒரு ஆல்ட்டோ ரீடைக் கொண்டுவந்து அவள் இசைத்தாங்கியில் வைத்தால் வசனமே வேண்டாம். இந்த அளவு வித்தியாசத்தைக் கவனிக்காமல் டெனர் ரீடையோ கிளாரினெட் ரீடையோ ஆல்ட்டோவில் மாட்டச் சொன்னால், அரங்கில் இருக்கும் வாத்தியக்காரர்கள் அந்த நொடியே கதையை விட்டு வெளியே போய்விடுவார்கள்.

மற்றவர்களுக்கும் ஒவ்வொன்று. பெரும்பாலான ஆண்களுக்குத் தீக்காவல் பணி இருக்கும். 1941 ஜனவரி முதல் 16 முதல் 60 வயது வரை ஆண்களை மாதம் 48 மணி நேரம் வரை அதில் போடலாம். பேஸ்காரரின் கோட் பையில் அந்த முறைப் பட்டியல். ட்ரம்ஸ்காரரிடம் வரிசையாக நம்பர் போட்ட கடிதங்கள், நடுவில் ஒன்று குறையும். எல்லோர் பெட்டியிலும் புகைப்படம் வைத்துவிடாதீர்கள். எட்டுப் பேரில் ஒருவருக்குப் போதும்.

காயம் வாசிப்பில் தெரிய வேண்டும்

ட்ரம்பெட்காரர் மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தவர் என்றால் உதட்டுத் தசை தளர்ந்திருக்கும். ஊதாமல் இரண்டு மூன்று வாரம் போனாலே மேல் ஸ்வரங்கள் நிற்காது. ஆகவே முதல் அங்கத்தில் அவருக்கு உச்ச ஸ்வர தனி ஆவர்த்தனம் எழுதக் கூடாது. கீழ்ப் பகுதியில், மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பு) போட்டு, சின்னச் சின்ன வாக்கியங்கள். தலைவர் கைகாட்டும் இடத்தில் ஒருமுறை அவர் எழாமல் இருக்க, ஆல்ட்டோ அந்த வரியை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாம் அங்கத்தில் அவர் அந்த ஸ்வரத்தைத் தொடலாம், தொட்டுத் தவறலாம். இதற்கு நடிகர் நிஜமாகவே மேல் ஸ்வரம் ஊதக்கூடியவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு காயத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்கதையை எப்போதும் நடிகரின் திறமைக்கு அளந்து வெட்டுங்கள்.

பீரங்கிப் படையில் இருந்தவருக்கு வலது காது மந்தம் என்றால் ட்ரம்ஸ் அவருடைய இடப்பக்கம் வர வேண்டும். மேடை வரைபடம் போடும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றினால் ஒலிபெருக்கிக் கம்பி முதல் நடன அசைவு வரை எல்லாம் மாறும்.

மன அதிர்ச்சிக்கு இன்றைய மருத்துவப் பெயர் 1980-ல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. இவர்கள் "நரம்பு சரியில்ல" என்பார்கள், "அவன் ராத்திரி தூங்கறதில்ல" என்பார்கள். விமானப்படையில் 'மன உறுதிக் குறைவு' என்று கோப்பில் எழுதி அவமானப்படுத்தினார்கள். பாத்திரம் தன் வேதனையைத் தானே விளக்கிப் பேசினால் 1941 உடனே கலைந்துபோகும்.

உறவுகள்: 28-ல் ஆறு

எட்டுப் பேருக்குள் 28 ஜோடி. எல்லாவற்றையும் எழுதினால் எதுவும் மேடையில் தெரியாது. ஆறு ஜோடியை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடன், ஒரு மறைப்பு, ஒரு தேவை. அதிலும் காதல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பேஸும் ட்ரம்ஸும் தாளத்தால் கட்டுண்டவர்கள். ஒருவர் முந்தினால் மற்றவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். நிறத்தைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்ட கிழவரும் ஜமைக்கா இளைஞரும் மறுநாள் சேர்ந்து தாளம் போட்டாக வேண்டும் என்பதே அந்த உறவின் முழு நாடகம். பியானோக்காரர் பாடகிக்குச் சுருதி மாற்றிக் கொடுப்பவர். அவள் தொண்டை இன்று எப்படி என்பது அவருக்கு முதலில் தெரியும். அதைத் தலைவரிடம் சொல்வாரா, மறைப்பாரா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி இருக்கிறது: நீ, நீங்க. எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, யார் யாரை எப்படி அழைக்கிறார் என்று 56 கட்டத்தையும் நிரப்புங்கள். இது ஒரு மாலை வேலை, ஆனால் உறவுகள் அத்தனையும் இதில் வெளிவந்துவிடும். டெனர்காரர் ஆல்ட்டோவை "நீங்க" என்கிறார், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவள் என்றாலும். வேலையில் அவள் முதல் நாற்காலி, அதாவது சாக்ஸபோன் வரிசையின் முதன்மை வாத்தியக்காரர். ட்ரம்பெட்காரர் எல்லோரையும் "நீ" என்கிறார், தலைவரை மட்டும் "மிஸ்டர்" போட்டுக் குடும்பப் பெயரால். பாடகியும் பியானோக்காரரும் மற்றவர் முன் "நீங்க", தனியே "நீ". இரண்டாம் அங்கத்தில் கூட்டத்தின் நடுவே பாடகி வாய் தவறி "நீ வா" என்றுவிட்டால், அவ்வளவு பேர் திரும்பிப் பார்ப்பது போதும். அண்ணே, தம்பி, அக்கா வேண்டாம். அவை வந்ததும் லண்டன் மதுரையாகிவிடும். பேஸ்காரருக்கு மட்டும் "பெரியவரே" பொருந்தும். கட்டத்தை ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டுங்கள். நடிகர்கள் பழக்கத்தில் எல்லோரையும் "நீங்க" என்று சமன்படுத்திவிடுவது வழக்கமான தவறு.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஊதுபவர் வாசிக்கும்போது பேச முடியாது. அவர் வசனத்தை ஓய்வுப் பகுதியில்தான் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி போகும் ஃபாக்ஸ்ட்ராட் நடனப் பாட்டில் எட்டு பார் என்றால் 32 அடி, அதாவது 16 விநாடி. வாத்தியத்தை இறக்கவும் மீண்டும் உதட்டுக்குக் கொண்டுபோகவும் நான்கு விநாடியைக் கழித்தால் 12 விநாடி. சுமார் இருபது தமிழ்ச் சொல். அதற்குமேல் எழுதினால் நுழைவைத் தவறவிடுவார். நீண்ட பேச்சுகளைப் பியானோ, பேஸ், ட்ரம்ஸுக்குக் கொடுங்கள்.

காலி நாற்காலி

புதிதாக வந்தவரின் நாற்காலியில் முன்பு இருந்தவரும் முன்கதையில் ஒரு ஆள். ஆல்ட்டோவில் இருந்தவர் விமானப்படைக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். படையிலேயே நல்ல நடன பேண்ட் இருந்ததால் பல கைதேர்ந்தவர்கள் அங்கே போனார்கள். புதியவள் வந்ததும் அவர் வாசித்த கையெழுத்து இசைத்தாளைத்தான் கொடுப்பார்கள். பேண்ட் தாள்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்திருக்கும்: வெட்டிய பார், திருப்ப வேண்டிய பக்கம், வேகம், ஓரத்தில் பெயரின் முதலெழுத்தும் தேதியும். அந்தத் தாளை நிஜமாகவே செய்யுங்கள். மஞ்சள் தாளில், மையில் எழுதி, மேலே பென்சிலால் இரண்டு கையெழுத்தில் குறிப்புகள். மெதுவான பாட்டின் இருபதாவது பாருக்கு மேல் பழைய ஆள் எழுதியிருப்பது: "இங்க நிறுத்து, அவ மூச்சு எடுப்பா." அதுவரை பாடகிக்கும் அவருக்கும் இடையில் என்ன என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆல்ட்டோ அதைப் படிக்கிறாள், நிமிர்ந்து பாடகியின் முதுகைப் பார்க்கிறாள், அந்த இடத்தில் நிறுத்துகிறாள். பாடகி பாடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள்.

ஒத்திகையில் இதற்கு முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரையும் வாத்தியத்தோடு நடுவில் உட்கார வைத்து மற்ற ஏழு பேரும் கேள்வி கேட்கட்டும், ஆளுக்குப் பத்து நிமிடம். விரும்பிய கேள்விக்கு வாசித்துப் பதில் சொல்லலாம். வசனமாக மேடைக்கு வருவது ஒருவருக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. மீதி கையிலும் காதிலும் இருக்கட்டும்.

நடுவில் ஒரு நடிகர் மாறினால் புதியவரிடம் ஏழு வரிப் பக்கத்தை உடனே கொடுக்காதீர்கள். முதலில் பென்சில் குறிப்புள்ள இசைத்தாளைக் கொடுத்து ஒரு முறை வாசிக்க விடுங்கள். பக்கம் மறுநாள்.